கோலத்துக்கு வரி

ஏனுங் சார், ஒரு சட்டம் கேக்கலாங்களா? கோலத்துக்கு வரி போட முடியுங்களா?

சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்லீங்க. மடியில கருப்புக் கோட்டு மடிச்சு வெச்சிருக்கறீங்க, பையில கேஸ் கட்டு தெரியுது, வக்கீலாத்தான் இருப்பீங்கன்னு பக்கத்துல வந்து உக்காந்தேன். பின்னால அத்தனை சீட்டு காலியாத்தான் கெடக்குது. தலையில துண்டைப் போட்டுட்டு ஒருத்தன் வந்து ஒட்டி உக்கார்றானே, எவன்டா இவன்னு பார்த்தீங்கல்ல? மார்கழிக் குளுருக்குன்னு சொன்னா நம்பிருவீங்க. குளுருக்கு இல்லீங்க. எங்கூர் பஸ் ஸ்டாண்டுல ஏற வெக்கப்பட்டுட்டு, அடுத்த ஸ்டாப் வரைக்கும் காட்டு வழியா நடந்து வந்து ஏறியிருக்கறேன். நான் நடந்து பஸ் ஏறி எத்தனையோ வருசமாச்சு. ஊட்டுல காரு நிக்குது. காரு தலைவருக்குன்னு குடுத்ததுங்க, அதுல இன்னிக்குத் தலைவர் போயாச்சு.

தலைவர்னா நாந்தானுங்க. அதாவது, எங்க பேரூராட்சித் தலைவர் என்ற சம்சாரம். சம்பூர்ணம்னு பேரு. நான் வருசக்கணக்கா கட்சிக்கு ஒழைச்சு, கல்யாணம் காதுகுத்துன்னு ஒண்ணு விடாம மொய் எழுதி, இந்தத் தடவை நம்ம தடவைன்னு காத்துட்டிருந்தேன். பார்த்தா, பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிப்போட்டாங்க. என்ன பண்றது? அவளை நிக்க வெச்சேன். நின்னது அவ, ஜெயிச்சது நான். ஊர்ல எல்லாரும் என்னையத்தான் தலைவரேம்பாங்க. ஆபீஸ்ல அவ சேர்ல நாந்தான் உக்காருவேன். கையெழுத்தும் நானே போட்டுருவேன். அடுப்படியில வேலையா இருக்கறவளை ஒவ்வொண்ணுக்கும் கூப்புட்டுட்டு இருக்க முடியுங்களா? நான் போட்டாலும் அவ பேரைத்தானுங்க போடறேன். அவ பேருக்கு நல்லா சுழிச்சு ஒரு கையெழுத்து நானே பழகி வெச்சிருந்தேன், பார்க்கறதுக்கு அம்சமா இருக்கும்.

நீங்க அதைக் குறிச்சுக்காதீங்க சார். அது வேற விசயம். நான் கேக்க வந்தது கோலம்.

வடக்குத் தெரு, வடக்குத் தெருன்னு எங்கூர்ல ஒரு தெருவு இருக்குதுங்க. அந்தத் தெருவுக்குத் தண்ணி வரல. வரலைன்னா, வராமப் போகல, நின்னு போச்சு. என்ற தங்கச்சி ஊட்டுக்காரரு ஊருக்கு வெளிய ஒரு லேஅவுட் போட்டிருக்கறாரு. அங்க தண்ணி வசதி இருக்குதுன்னு காட்டினாத்தான பிளாட் வாங்க வர்றவங்க நம்புவாங்க? அதுக்காக அந்த லைனைக் கொஞ்ச நாளைக்கு அக்கட்டால திருப்பி விட்டது. தற்காலிகமாத்தாங்க. அங்க இன்னும் ஒரு ஊடும் வரலைங்கறது நிசந்தான். ஆனா நுழைவாசல்ல புல்லு வெச்சிருக்கறாரு. புல்லு காஞ்சு போனா யாருங்க வாங்குவாங்க?

வடக்குத் தெருப் பொம்பளைங்க வெடியால, கோழி கூப்புடறப்பவே கொடத்தைத் தூக்கிட்டு எங்க தெருக் கொழாய்க்கு வருவாங்க. நான் என்னிக்காச்சும் வேண்டாம்னு சொல்லியிருக்கறனா? சொன்னதில்லீங்க. புடிச்சுட்டுப் போங்கன்னுதான் விட்டிருந்தேன்.

அங்கதான் பூவாத்தா டீச்சர் வந்து சேர்ந்தாங்க. அங்கன்வாடியில இருந்து ரிட்டயர்டு ஆனவங்க. என்ற பையனுக்கு அகரம் எழுதப் பழக்கினதே அவங்கதான். அவங்க மகளிர் குழுவுல ஒரு கரும்பலகை வாங்கி, வடக்குத் தெரு முக்குல, பஸ்ஸு திரும்பற எடத்துல மாட்டிட்டாங்க. தெனம் வெடியால ரெண்டே ரெண்டு வரி. "வடக்குத் தெருவுக்கு இன்றும் தண்ணீர் வரவில்லை. தலைவர் வீட்டுக்கு வந்தது." அவ்வளவுதான் சார். ஒரு திட்டு கெடையாது, ஒரு கெட்ட வார்த்தை கெடையாது. எழுத்து முத்து முத்தா இருக்கும். பஸ்ஸுல போறவன் வர்றவனெல்லாம் எட்டிப் பார்த்துப் படிச்சுட்டுப் போவான். நான் டீக்கடைக்குப் போனா பேச்சு நின்னு போயிரும். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க.

பலகையைப் புடுங்கி எறியலாம்னுதான் பார்த்தேன். எங்க ஈ.ஓ., செயல் அலுவலர், வெவரமான மனுசன். "வேண்டாந் தலைவரே, தடுத்தீங்கன்னா அது தப்பாயிரும். எழுதறதுக்கு, பேசறதுக்கெல்லாம் அரசியல் சட்டத்துலயே உரிமை குடுத்திருக்குது. கோர்ட்டுக்குப் போனா நமக்குத்தான் கேவலம்"னு சொன்னாரு.

நான் கேட்டேன், "உரிமை எழுதறதுக்குத்தான? பலகைக்கு இல்லைல்ல?"

"பலகைக்கு வேணும்னா வரி போடலாங்க"ன்னாரு.

பாருங்க, எத்தனை சுலபம்! நாம யாரையும் தடுக்கல. எழுதுங்க, தாராளமா எழுதுங்க, எழுதறதுக்கு முன்னால வரியைக் கட்டிப்போட்டு எழுதுங்க. பொது எடத்துல வெக்கிற பலகை எல்லாத்துக்கும் மாசா மாசம் வரின்னு தீர்மானம் போட்டோம். அவங்க குழுவுல பொம்பளைங்க வாராவாரம் போடற சேமிப்பு அத்தனையும் வழிச்சுக் கட்டுனாத்தான் சரியா வரும், அந்த மாதிரி ஒரு தொகையா பார்த்து வெச்சேன். கடை போர்டுக்கு விலக்கு, யாவாரிங்க பொழைக்கணுமில்ல. கோயில் போர்டுக்கு விலக்கு, சாமி குத்தம் ஆயிரும். கட்சி போர்டுக்கு விலக்கு, அது ஜனநாயகம். எல்லாத்தையும் விலக்கிப் பார்த்தா மிச்சம் ஊர்ல ஒரே ஒரு போர்டுதான் நின்னுச்சு. அதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?

கையெழுத்தை நல்லா சுழிச்சுப் போட்டேன்.

மறுவாரமே பூவாத்தா டீச்சர் பலகையைக் கழட்டித் தலையில வெச்சுட்டு ஆபீசுக்கு வந்தாங்க. பின்னால நாலஞ்சு பொம்பளைங்க. ஊரே என்னையத் தலைவரேன்னு கூப்புட்டா, அந்தம்மா மட்டும் "தலைவரம்மா ஊட்டுக்காரரே"ன்னுதான் கூப்புடுவாங்க. அன்னிக்கும் அப்படித்தான்.

"தலைவரம்மா ஊட்டுக்காரரே, இந்த வரியைக் கட்ட எங்களுக்குச் சக்தியில்லீங்க. பலகையை நீங்களே வெச்சுக்கங்க."

"நான் உங்களை எழுத வேண்டாம்னு சொல்லலையே டீச்சர்"னேன்.

"நீங்க சொல்லலீங்க. அதான் நாங்களும் எழுதறதை விடல"ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாங்க. அது என்ன பேச்சுன்னு அப்ப எனக்குப் புரியல. பலகை நல்ல பலகையா இருந்துச்சு. வீணாக்குவானேன்னு ஆபீஸ் முன்னால மாட்டி, "வரியை உரிய காலத்தில் செலுத்துவீர்"னு எழுத வெச்சேன். டீக்கடையில அன்னிக்குப் பேச்சு நிக்கல. நிம்மதியா ரெண்டு வடை சாப்பிட்டேன்.

அந்த நிம்மதி மார்கழி பொறக்கற வரைக்குந்தான். மார்கழின்னா எங்க பக்கம் பொம்பளைங்க இருட்டோட எந்திரிச்சு வாசலடைக்கப் பெரிய பெரிய கோலமாப் போடுவாங்க. ஒண்ணாந்தேதி வெடியால வண்டியை எடுத்துட்டு வடக்குத் தெரு வழியாப் போறேன். வண்டி அப்படியே நின்னு போச்சுங்க. நிறுத்தினது நாந்தான். ஒவ்வொரு வாசல்லயும் எழுத்து. கோலப்பொடியில எழுத்து. "இந்த வீட்டுக்குத் தண்ணி வரல." அடுத்த வாசல், "இந்த வீட்டுக்கும் வரல." அதுக்கடுத்த வாசல், "எங்க வீட்டுக்கும்." தெருக்கோடி வரைக்கும் அதேதான். சுத்தியும் கம்பிக்கோலம் இழுத்து, நடுவுல ஒரு பூசணிப்பூ. பூவு வெச்ச கோலத்து மேல எப்படிங்க வண்டியை உடறது? எனக்கும் சாமி பயம் இருக்குது. வண்டியைத் திருப்பிட்டு வந்துட்டேன்.

அதுலயும் ஒண்ணு பாருங்க. கோலம்னா மொதல்ல வாசல் தெளிக்கணும். சாணியோ தண்ணியோ தெளிச்சு, மண்ணு ஈரமா இருந்தாத்தான பொடி புடிச்சு நிக்கும்? அவங்க காஞ்ச மண்ணுலயே போட்டிருந்தாங்க. ஒரு காத்தடிச்சா பாதி எழுத்து பறந்துரும். வாசல் தெளிக்காமக் கோலம் போடறது ஊருக்கு ஆகாதுன்னு டீக்கடையில நானே நாலு பேர்கிட்டச் சொன்னேன். டீ ஆத்தறவன், "தெளிக்கறதுக்கு என்னத்தைங்க தெளிப்பாங்க?"ன்னான். நான் காசைக் குடுத்துட்டு எந்திரிச்சுட்டேன்.

மத்தியானத்துக்குள்ள பறந்து போற எழுத்து, மறுநாள் வெடியால மறுபடியும் வந்து நிக்கும். யாரையின்னு புடிக்கறது? பலகைன்னா ஒண்ணு. வாசல்னா தெருவுக்கு எத்தனை வாசல்!

ஈ.ஓ.கிட்ட, பலகைன்னா மரப்பலகை மட்டுமில்ல, எழுதறதுக்குப் பயன்படற தரை, சுவர், வாசல் எல்லாமே பலகைதான்னு ஒரு திருத்தம் எழுதுங்கன்னு சொன்னேன். மனுசன் பேனாவைக் கீழ வெச்சுட்டாரு.

"கோலத்துக்கு வரியாங்க? மார்கழி மாசத்துலயா?"

"கோலத்துக்கு இல்லைங்க. கோலத்துல இருக்கற எழுத்துக்கு."

எழுதிக் குடுத்தாரு. குடுத்துட்டு, "தலைவரே, இது கண்டிப்பா கோர்ட்டு வரைக்கும் போகும். இதுலயாச்சும் அம்மாவையே கையெழுத்துப் போடச் சொல்லிருங்க"ன்னாரு. சரீன்னு ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்.

சம்பூர்ணம் ராகிக்களி கிண்டிட்டிருந்தா. மேசை மேல பேப்பரை வெச்சு, பேனாவையும் தொறந்து வெச்சு, "ஏ புள்ள, வந்து இதுல ஒரு கையெழுத்துப் போடு"ன்னேன். கையைத் தொடைச்சுட்டு வந்தா. போடுவான்னு பார்த்தா, உக்காந்துட்டா.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடறேனுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "நீ என்னத்தைப் படிக்கறது?"

அவ விரலை வெச்சு ஒவ்வொரு வரியாப் படிச்சா. களி அடிப்புடிச்ச வாசம் வருது, எந்திரிக்கவே இல்ல. முடிச்சுட்டுக் கேட்டா, "இதுல நம்ம வாசலும் வருதுங்களா?"

"நம்ம வாசலுக்கு எவன் வந்து வரி கேப்பான்?"

"அப்ப நம்ம வாசல்ல எழுதினா வரியில்ல"ன்னா.

"ஆமா, நீ எழுதற! போயி களியைப் பாரு"ன்னேன். கையெழுத்தைக் காலையில போடறேன்னு சொல்லிப்போட்டு அவ பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டா. நானும் சரி, காலையில போடட்டும்னு விட்டுட்டேன்.

காலையிலன்னா, இன்னிக்குக் காலையில சார். இன்னும் வெகுநேரம் ஆகல.

வெளிய ஒரே பேச்சுச் சத்தமா இருக்குதேன்னு எந்திரிச்சுக் கதவைத் தொறந்தேன். கொழாய்க்கு வந்த வடக்குத் தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் காலிக் கொடத்தை இடுப்புல வெச்சுட்டு எங்க வாசல் முன்னால நிக்கறாங்க. எங்க தெரு ஆளுங்களும் நிக்கறாங்க. எல்லாரும் கீழ குனிஞ்சு பார்க்கறாங்க. நானும் பார்த்தேன்.

"வடக்குத் தெருவுக்குத் தண்ணி வரல. எங்கூட்டுக்கு வருது. எனக்கு வெக்கமா இருக்குது." அதுக்குக் கீழ, சம்பூர்ணம், தலைவர்.

கையெழுத்துப் போட்டிருந்தா சார். பேரை எழுதல, கையெழுத்தே போட்டிருந்தா. சுழி ஒண்ணும் கெடையாது. பள்ளிக்கூடத்துப் புள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தா தனித்தனியா, கடைசி எழுத்துக்கு மட்டும் ஒரு சின்ன கோடு இழுத்து. அவ கையெழுத்து அப்படி இருக்கும்னு எனக்கு அன்னிக்குத்தானுங்க தெரியும். இன்னிக்குத்தான்.

எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. ரூமுக்குள்ள வெச்சு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல? தெருவுல கொண்டு வந்து வெக்கணுங்களா? பல தடவை சொன்னதாச் சொல்றா. பாத்திரம் கழுவறப்பவும் சோறு போடறப்பவும் தெனம் சொன்னாளாம். சொல்லியிருப்பா. எனக்கு ஞாபகத்துல இல்லீங்க.

ஓடிப்போயி தொட்டியில இருந்து ஒரு வாளித் தண்ணியை மொண்டேன். கொண்டு வந்து ஒரே வீச்சா எழுத்து மேல ஊத்துனேன். போகல. இன்னொரு வாளி. அதுவும் பத்தல. மறுபடியும் ஒண்ணு. தண்ணி கோலப்பொடியை வழிச்சுட்டு வாசப்படியில எறங்கி, தெருவுல ஓடி, சாக்கடையில போயி விழுந்துச்சு. வெள்ளையா ஓடுச்சு சார், பால் மாதிரி. அப்பத்தான் தலை நிமிந்து பார்த்தேன்.

ஒருத்தரும் என்னையப் பார்க்கல. அத்தனை பொம்பளைங்களும் அந்தத் தண்ணியத்தான் பார்த்துட்டு இருந்தாங்க. அது சாக்கடையில விழற வரைக்கும் கண்ணாலயே கூடப் போனாங்க. முன்னால நின்ன ஒரு புள்ளைத்தாச்சிப் பொண்ணு இடுப்புல இருந்த கொடத்தை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டா. அவ்வளவுதான். வாளி என்ற கையிலதான் இருந்துச்சு. எங்க கொண்டு போயி வெக்கறதுன்னு தெரியாம நிக்கறேன். சார், பொண்டாட்டி எழுதினது போச்சு, மானம் போச்சு, அதையெல்லாங்கூடத் தாங்கிக்குவேன். அந்தத் தண்ணி போனதை நெனைச்சாத்தான் கூசுது. ஒடம்பே கூசுது.

அப்ப பூவாத்தா டீச்சர்தான் பேசினாங்க. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல, புள்ளைங்ககிட்டப் பேசற மாதிரிதான். "தலைவரம்மா ஊட்டுக்காரரே, தெளிச்சதுதான் தெளிச்சீங்க, எங்க வாசலுக்கும் ஆளுக்கு ஒரு வாளி தெளிச்சு உட்டுருங்க. காஞ்ச மண்ணுல பொடி நிக்க மாட்டீங்குது."

ஒரு பொம்பளை கூடச் சிரிக்கல. சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சம்பூர்ணம் உள்ள இருந்து கோலப்பொடி டப்பாவை எடுத்துட்டு வந்தா. என்னையத் தாண்டிப் போயி குனிஞ்சா. "கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க, கால் படுது"ன்னா. நான் தள்ளி நின்னேன். மறுபடியும் மொதல்ல இருந்து எழுதினா. ஈர மண்ணுங்களா, பொடி அப்படியே பச்சுன்னு புடிச்சுக்குச்சு. மொதல்ல எழுதினதை விட எடுப்பா இருந்துச்சு. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல அவளுக்கு நான் ஒரு நாளும் வாசல் தெளிச்சுக் குடுத்ததில்லீங்க. இன்னிக்குத் தெளிச்சுக் குடுத்திருக்கறேன்.

எழுதி முடிச்சுட்டு, புள்ளைத்தாச்சியோட கொடத்தை வாங்கி எங்கூட்டுத் தொட்டியிலயே ரொப்பிக் குடுத்தா. அப்புறம் சீலையை மாத்திட்டு வந்து, டிரைவர்கிட்ட, "டேங்குக்குப் போலாந் தம்பி, வால்வைத் தொறக்கச் சொல்லணும்"னா. அந்தப் பையன் என்ற மூஞ்சியைப் பார்த்தான். நான் கீழ பார்த்தேன். வண்டி போயிருச்சு. பூவாத்தா டீச்சரும் அதுலயே ஏறிட்டாங்க.

நான் கோயம்புத்தூர்ல மக ஊட்டுக்குப் போறனுங்க. எத்தனை நாளைக்குன்னு தெரியல. வரேன்னு போன் பண்ணேன், "அம்மா ஃபோட்டோ அனுப்பியிருந்தாங்கப்பா"ன்னா. வேற ஒண்ணும் கேக்கல. அவ இருக்கறது அடுக்குமாடிங்க, நாலாவது மாடி. அங்க வாசலும் இல்ல, கோலமும் இல்ல. அந்த வரைக்கும் நல்லது.

என்னங்க? அந்தத் திருத்தமா? இருக்குது, இதோ சட்டைப் பையில வெச்சிருக்கறேன். பாருங்க, எல்லாம் டைப் அடிச்சாச்சு, சீலும் குத்தியாச்சு. தலைவர் கையெழுத்து மட்டுந்தான் பாக்கி. இது செல்லுமா செல்லாதான்னு நீங்க ஒண்ணுஞ் சொல்லவே மாட்டீங்கறீங்க. செல்லாதுங்கறீங்களா? சட்டப்படியா? உரிமைன்னு ஒண்ணு இருந்தா அதுக்கு இப்படி வேலி போட்டு அடைக்கக் கூடாதுங்களா? அப்படித்தான் இருக்கும். ஈ.ஓ. மூஞ்சியிலயே தெரிஞ்சுது.

பஸ் ஏறினதும் மொதல்ல பின்சீட்டுல உக்காந்து என்ன பண்ணேன் தெரியுங்களா? பேனாவை எடுத்தேன். எப்பவும் போல நானே போட்டுறலாம், போட்டு ஈ.ஓ.வுக்கு அனுப்பிறலாம்னு. பேப்பரை மடியில வெச்சு, பேனாவையும் தொறந்துட்டேன். கை போகலீங்க சார். எத்தனையோ தடவை போட்ட கையெழுத்து, கண்ணை மூடிட்டுப் போடுவேன். இன்னிக்குக் கை போகவே இல்ல. அவ கையெழுத்து எப்படி இருக்கும்னு பார்த்துட்டனில்லைங்க.